நாலாவது தெரு

தெண்டி அடங்கின விடியலில்
எர்ணாவூர்க் கடலில்
முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன்.
மிஷினை நாள் வாடகைக்குக் கொடுத்த ஜபருல்லா
ஈர மணலில் பொய் சொல்லும் என்று முன்பே சொல்லிவிட்டார்.
சொல்கிறது.
உப்புக்குக் கத்துகிறது, கருமணலுக்குக் கத்துகிறது.
அரைமணி நேரம் அதைத் திட்டினேன்.
அப்புறம் காதுக்குப் பிடிபட்டது:
இரும்பென்றால் தொண்டை கட்டின உறுமல்,
பித்தளை கொஞ்சம் நிமிர்ந்து பேசும்,
பீர் மூடிதான்
தங்கத்தின் குரலில் கூப்பிட்டு ஏமாற்றும்.

கல்மேல் உட்கார்ந்து பல் விளக்கும் பையன்
"இன்னாண்ணே, பொதையலா?" என்கிறான்.
இல்லடா.
நாலாவது தெரு.

கல் கொட்டுவதற்கு முந்தின ஐப்பசியில் போனது.
இப்போது தேசிங்கு வீட்டு வாசலைத் தாண்டுகிறேன்:
மூன்று கீல், ஒரு கொண்டி.
பிறகு டெய்லர் ரூபாவதி,
கத்திரிக்கோலின் ஒரு கை மட்டும்.
குழாயடி இருந்த இடத்தில் மிஷின் ஓயாமல் அலறுகிறது,
நாங்கள் அங்கே போட்ட சண்டைக்கு
அது குறைவுதான்.

ஒன்பதாம் நம்பரில்
நிமிர்ந்து பேசியது.
சல்லடையில் அள்ளினேன்.
பூட்டு.
ஏழு லீவர். பூட்டினபடியே.

சீட்டுக்காரி கஸ்தூரி தொங்கவிட்டுப் போனது.
"திருத்தணிக்குத்தான், திங்கக்கெழமை வந்துருவேன்."
நாற்பத்திரண்டு பேர் துட்டு உள்ளே இருக்கிறதென்று
பதினாறு நாள் அந்தப் பூட்டுக்குக் காவல் இருந்தோம்
ஷிப்டு போட்டு, டீ வாங்கிக் கொடுத்து.
பதினேழாம் நாள் கடல் வந்தது.
பூட்டைத் தொடவில்லை.
பின்சுவர் வழியே நுழைந்து
எல்லோரும் பார்க்க வீட்டைத் திறந்தது.
ஒரு பாய்.
காலி மண்ணெண்ணெய்க் கேன்.
தினசரிக் காலண்டர்,
அதில் கிழிக்காமல் விட்ட திங்கட்கிழமை.

லுங்கியில் துடைத்துக் கையில் வைத்துப் பார்க்கிறேன்.
என் பதினோராயிரம்
முந்நூறு கிராம் இருக்கும்.

காயலான் கடை பாக்கியநாதன் தராசில் வைத்துவிட்டு
"சாவி கீதா? இருந்தா கூடப் போட்டுத் தர்றேன்" என்றான்.
திங்கட்கிழமை வரும் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
அவனும் சீட்டில் இருந்தவன்.

பேட்டரியில் இன்னும் ஒரு கோடு மிச்சம்.
தண்ணீர் ஏறவில்லை.
பதினொன்றாம் நம்பர் பாக்கி.
அங்கே எது கத்தினாலும்
தோண்டாமலே பேர் சொல்வேன்.