ஹேர்பின்

பிலோமினாவின் எஸ்டீம் வருவது
மூக்குக்குத்தான் முதலில் தெரியும்.
காசிமேட்டு இறால், கரைந்த ஐஸ், ஈரச் சாக்கு.
அப்புறம் காதுக்கு:
மின்ட் பாலம் ஏறும்போதெல்லாம்
தகரடப்பாவில் புளியங்கொட்டை குலுக்குகிற சத்தம்.

"மூணு பேர் பாத்துட்டாங்க.
டிஸ்ட்ரிபியூட்டர திருப்புறாங்க,
ரெண்டு நாள் நல்லா கீது, அப்பால அதே."

திருப்பினார்கள், சரிதான்.
அவர்கள் திருப்பத் திருப்ப
டாஷ்போர்டுக்கு அடியில் குந்தியிருக்கும் கம்ப்யூட்டரும்
தன் பங்குக்குத் திருப்பிக்கொண்டிருந்தது.
காற்றாடி விடுகிறவன் முழங்கையை
பின்னாலிருந்து இன்னொருவன் இழுத்த மாதிரி.

முதலில் அதன் வாயை மூட வேண்டும்.
பேட்டரிக்குப் பக்கத்தில் ரப்பர் மூடி போட்ட பிளக்,
அதில் இரண்டு ஓட்டையை ஒரு கம்பியால் சேர்த்தால்
கணக்குப் போடுவதை விட்டுவிட்டு
சும்மா இருக்கும்.
கம்பியைத் தேடினேன்.
தாஜுதீன் அதை எடுத்துக்கொண்டு
எண்ணூர் போயிருந்தான்.
"ஹேர்பின் இருக்கா?"
கொண்டையிலிருந்து உருவிக் கொடுத்தாள்.
கறுப்புப் பெயின்டை பிளேடால் சுரண்டி
வளைத்துச் செருகினேன்.
எஞ்சின் ஒரு மூச்சு தாழ்ந்தது.

புல்லிக் கோட்டில் சுண்ணாம்பு தடவினேன்,
பக்கத்து பங்க் கடை டப்பாவிலிருந்து, கேட்காமல்.
டைமிங் லைட்டுக்கு இருட்டு வேண்டும்.
தண்டையார்பேட்டையில் அது முழுசாகக் கிடைக்காது:
மணலிப் பக்கம் வானம் எரிந்துகொண்டே இருக்கும்,
துறைமுகம் போகும் கண்டெய்னர்கள்
ஹெட்லைட்டால் ஷட்டரைத் துடைத்துக்கொண்டே நகரும்.
படுதாவை இறக்கினேன்.

லைட்டை அழுத்தினால்
நிமிஷத்துக்கு எண்ணூறு சுற்று சுற்றும் புல்லி
நின்றுவிடும்.
நிற்காது. நிற்பதாகத் தெரியும்.
பிலோமினா விரலை நீட்டப் போனாள்.
ஓங்கித் தட்டிவிட்டேன்.
"நிக்குதேய்யா," என்றாள், கையைத் தடவிக்கொண்டு.

வெள்ளைக் கோடு பன்னிரண்டில் இருந்தது.
ஐந்தில் இருக்க வேண்டும்.
பிஸ்டன் உச்சிக்கு வரட்டும் என்று
காத்திருந்து தீ வைத்தால் தாமதம்,
எரிவதற்கும் நேரம் பிடிக்குமே.
வருவதற்குச் சற்று முன்பே வைக்க வேண்டும்.
ரொம்ப முன்பே வைத்தால்
ஏறி வருகிறவன் தலையிலேயே அடி.
அந்த அடிதான் பாலத்துப் புளியங்கொட்டை.

போல்ட்டைத் தளர்த்தி
டிஸ்ட்ரிபியூட்டரை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்து
நகர்த்தினேன். நகர்த்தினேன் என்பது பெரிய வார்த்தை,
நினைத்தேன், அது போனது.
கோடு ஐந்தில் வந்து உட்கார்ந்தது.
இறுக்கும்போது ஒரு டிகிரி ஓடிப்போக
மறுபடி தளர்த்தி, மறுபடி.
அறுநூறு வாங்கினேன்.
ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு கை இறால் தனியாக.

காலை ஏழு மணிக்கு போன்.
கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்கிறாளாம்.
"சத்தம் போச்சு. வேகமும் போச்சு.
ஆக்சிலேட்டர மிதிச்சா
யாரு, நானான்னு கேக்குது.
பெரம்பூர் ஓட்டல்காரன் வேற ஆள் பாத்துடுவான்.
முடி வேற மூஞ்சில வந்து வுழுது,
எங்கய்யா என் ஹேர்பின்?"

பல் தேய்த்துக்கொண்டிருந்தவன்
நுரையோடு வண்டியை எடுத்தேன்.

கேட்டில் டேங்கர் வேகன்கள்
ஒன்றன்பின் ஒன்றாக, முடிவில்லாமல்.
பானெட்டைத் தூக்கினேன்.
ரப்பர் மூடி தொங்கிக்கொண்டிருந்தது.
ராத்திரி முழுக்க அதன் வாயில்
அவள் ஹேர்பின்.
உருவினேன். சூடாக இருந்தது.
மிதிக்கச் சொன்னேன்.
உறுமியது, பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவு.

"அப்ப நேத்து நீ வச்ச அஞ்சு?"
"அது இருக்கும். அதுக்கு மேல எவ்ளோன்னு
இனிமே அது பாத்துக்கும்."

வளைந்த பின்னை அப்படியே செருகிக்கொண்டாள்.
பிடிக்கவில்லை, ஒரு கற்றை மறுபடி விழுந்தது.
கடைசி வேகன் இன்னும் போகவில்லை,
கேட்டும் அசையவில்லை.
அவள் முதல் கியரைப் போட்டுவிட்டாள்.

நான் நுரையைத் துப்பினேன்.