ஐந்து கிராம்

ஹேசல் பருப்பு கப்பலேறி இத்தாலிக்குப் போய்விடும்.
சாக்லேட்டுக்குள் அது என்ன ஆனதென்று
ஸுக்திதியில் யாரும் விசாரிப்பதில்லை.
ஓடு மட்டும் இங்கேயே கிடக்கும்,
ஆலையின் பின்சுவரோடு
ஆளுயரத்துக்கும் மேலே,
மழையில் ஊறி, ஈரச்சாக்கு வாசனையோடு.

லாமாராவுக்கு இரவுப் பணி.
உலையின் வாயை அவள்தான் மூடுவாள்,
களிமண் குழைத்து விளிம்பெல்லாம் அப்பி,
ஒரு மூச்சுக் காற்றும் நுழையாதபடி.
எரியவிட்டால் சாம்பல்.
எரியவிடாமல் வேகவைத்தால் கரி.
இந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான்
எனக்குச் சம்பளம் என்பாள்.

முதலில் வெள்ளைப் புகை.
அது ஓட்டுக்குள் ஒளிந்திருந்த மழை.
பிறகு மஞ்சள்,
கண்ணைக் கரிக்கும், தொண்டையில் தாராய் ஒட்டும்.
அந்தப் புகையையே குழாய் வழி திருப்பி
உலைக்கு அடியில் எரிப்பார்கள்,
தன் புகையில் தானே வேகட்டும் என்று.
பிறகு நீலம்.
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததைப் பார்க்கத்தான்
பழகிய கண் வேண்டும்.

விடிந்து ஆறித் திறந்தால்
ஓடு ஓடாகவே இருக்கும்.
அதே வளைவு, அதே கூர்நுனி,
ஆலைப் பல் கடித்த அதே விளிம்பு.
எடை மட்டும் மூன்றில் ஒரு பங்கு.
தகரத்தில் கொட்டினால் கணீரென்று சிரிக்க வேண்டும்.
மந்தமாய் விழுந்தால் வேகவில்லை,
திரும்பவும் உள்ளே.

உடைசலையும் தூளையும்
நுக்ஸார் வண்டியில் அள்ளிப்போவார்,
சாணத்தோடு ஊறவைத்துத் தன் புளித்த மண்ணில் போட.
"மண்ணுக்கா, மூஞ்சியில் பூசிக்கொள்ளவா?"
என்று கேட்டது அக்கம்பக்கம், முதல் வருஷம்.
மூன்றாம் வருஷம்
சாக்கோடு வந்து வரிசையில் நின்றது.
நுக்ஸார் எதையும் சொல்லிக்காட்டவில்லை.
கொஞ்சம் சொல்லிக்காட்டினார்.

முழுசாய் நின்ற கரிக்கு இன்னொரு உலை.
எண்ணூற்றைம்பது டிகிரியில் நீராவி நுழைந்து
கரையான் மாதிரி அரிக்கும்.
அறைக்குள் அறை, அதற்குள் இடுக்கு,
இடுக்குக்குள் இன்னும்.
வெளியே பார்த்தால் அதே ஓடு.

குத்தாயிசி ஆய்வகத்திலிருந்து தாள் வந்த அன்று
பொறியாளர் தோர்னிகே உரக்கப் படித்தான்:
"ஒரு கிராமுக்குத் தொள்ளாயிரம் சதுர மீட்டர்."
லாமாரா கையுறையைக் கழற்றினாள்.
"சதுர மீட்டரா? நிலம் அளப்பார்களே, அதுவா?"
"அதேதான். உள்சுவரையெல்லாம் பிரித்து விரித்தால்
அவ்வளவு இடம். அதில்தான்
தண்ணீரின் அழுக்கு வந்து ஒட்டிக்கொள்ளும்."

எங்குரி ஆற்றுக்கு அப்பால்
அவள் பெயரில் ஒரு தோட்டம்.
பத்திரத்தில் நாலாயிரத்து ஐந்நூறு சதுர மீட்டர்.
பத்திரம் அலமாரியில் இருக்கிறது.
பாலமும் இருக்கிறது.
பாலத்தின் மேல் துப்பாக்கியும் இருக்கிறது.
அங்கே இப்போது பறிப்பவர் யாரோ.
அவளுக்கு உறுத்துவது அதுகூட இல்லை;
ஓட்டை அவர்கள் என்ன செய்கிறார்கள்?
சும்மா எரித்துவிடுகிறார்களா?

என் மொழியில் கரி என்றால் யானை.
கரி என்றால் சாட்சியும்.
அவளிடம் இதைச் சொல்ல எனக்கு வழியில்லை.
சொல்லியிருந்தால்
யானையை எனக்கே விட்டுவிட்டு
மற்றதை எடுத்துக்கொண்டிருப்பாள்.

பணி முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.
மாதிரி எடுக்கும் மேஜைக்குப் போனாள்.
சின்னத் தராசு, சிவப்பு எழுத்து.
பழைய ரசீது ஒன்றைப் பொட்டலமாய் மடித்து
கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினாள்.
நாலு.
நாலரை.
ஐந்து புள்ளி ஒன்று.

கை நின்றது.
இரண்டு விரலால் ஒரு சிட்டிகை கிள்ளி
டப்பாவிலேயே திரும்பப் போட்டாள்.
"போதுமே, எதற்கு எடுக்கிறாய்?" என்றான் தோர்னிகே.

"அது எத்தேரியின் பங்கு,
வேலிக்கு அந்தப் பக்கம்," என்றாள்.