இருநூற்று மூன்றாம் நாள்

செவ்வாய்தோறும் அதே ஊசி, அதே சொட்டு.
பர்னோ நகரத்து டிராம் கம்பிகளில் பனி வெளுக்கும் காலையில்
சிலிக்கான் வில்லைமேல் நீரை இறக்குகிறாள் ஸ்டிஸ்லாவா.
போன மாதம் பாய் விரித்ததுபோல் படர்ந்த நீர்
இன்று குந்தி உட்கார்கிறது.
கோணம் அறுபத்தொன்று. எழுதிக்கொள்கிறாள்.

வெற்றிடக் கலத்தில் ஊதா வெளிச்சம் நின்றது நான்கே நிமிடம்.
ஆவியாய் வந்த அமீன் அடிபட்டு, உடைபட்டு,
கிடைத்த கையைப் பற்றிக்கொண்டு
தலைமயிரில் ஆயிரத்தில் ஒரு பங்காய்ப் படிந்தது.
எல்லாக் கைக்கும் கை கிடைக்கவில்லை.
சில, படலத்துக்குள்,
இணை சேராத ஒற்றை எலக்ட்ரானோடு
எட்டிப் பிடிக்கும் நிலையிலேயே இறுகிப்போயின.

விளக்கு அணைந்தால் வேலை முடிந்தது என்பது
வாங்க வந்த கம்பெனிக்காரரின் கணக்கு.

கதவு திறந்தது. காற்று.
ஆக்சிஜன் துளியும் சேர்க்காமல் செய்த படலம் அது.
தானே வந்து உட்கார்ந்தது ஆக்சிஜன்,
தனக்கென்று போட்டுவைத்த நாற்காலி போல.
முதலில் பெராக்சைடு. அது முறிந்து கார்பனைல்.
நைட்ரஜனுக்கு அடுத்த வீட்டில் அது குடியேற
அமீன் என்ற பெயர் போய் அமைடு ஆயிற்று.
அகச்சிவப்பு வரைபடத்தில்
ஆயிரத்து அறுநூற்று அறுபதருகே ஒரு மேடு:
முதல் வாரம் மளமளவென்று,
அப்புறம் நகம் வளரும் வேகத்தில்.
நீரை விரும்பிய தொகுதிகள் ஒவ்வொன்றாய்
போர்வைக்குள் முகம் திருப்பிக்கொண்டன.

ஒரே ஒரு வில்லை மட்டும்
நைட்ரஜன் பெட்டியில் மூடியே இருந்தது.
"அது அப்படியே இருக்கும், பார்," என்றான் வெண்டெலீன்.
ஒரு கோப்பை பீர் பந்தயம்.

இருநூற்று மூன்றாம் நாள் திறந்தார்கள்.
அப்படியேதான் இருந்தது.
வெண்டெலீன் அன்று மாலைவரை சீட்டியடித்தான்.

அடுத்த செவ்வாய்,
அறுநூற்று அறுபதருகே, ஆயிரத்துக்கு மேலே, அதே மேடு.
அதற்கடுத்த செவ்வாய் இன்னும் உயரம்.
இருநூறு நாள் அது இளமையாய் இருக்கவில்லை,
காத்திருந்தது.
சாய்வு மட்டும் கொஞ்சம் குறைவு;
இருட்டில் சில கைகள்
தமக்குள்ளேயே கோத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தக் கொஞ்சத்தை வைத்து வெண்டெலீன் வாதாடினான்.
பீருக்கு இருவரும் பாதிப்பாதி கொடுத்தார்கள்.

கம்பெனிப் படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
தயாரித்த தேதி.
நிலையானதா: ஆம், இல்லை.
முதல் கட்டத்தில் பிப்ரவரி பதினொன்று என்று எழுதி
"தொடங்கி" என்று சேர்த்தாள்; கட்டம் போதவில்லை,
எழுத்து விளிம்பைத் தாண்டி ஓடியது.
இரண்டாவதில் பேனா முனை வெகுநேரம் நின்று
ஒரு நீலப் புள்ளி ஊறிப் பரவியது.
அதன் ஓரம் எங்கே நிற்கிறதென்று
பழக்கத்தில்
கோணம் பார்த்தாள்.