மாதிரி எண் நாற்பத்தொன்று

பஞ்சை மென்று குப்பியில் துப்பச் சொன்னேன்.
"எச்சில்லயா மேடம் கீது என் தூக்கம்?"
கன்னியப்பன், காசிமேடு.
கன்டெய்னர் லாரியில் பத்தொன்பது வருட ராத்திரி.

இருட்டினால்தான் மெலடோனின் ஊறும்.
எண்ணூர் சாலை இருட்டுவதே இல்லை:
எதிர் லாரி, துறைமுக விளக்கு,
மணலி வானத்தில் அணையாத ஒரு தீநாக்கு.

என் வரைபடத்தில்
அவருக்கு அந்தி சாய்வது காலை ஒன்பதரைக்கு.
தகரக்கூரை சுடத் தொடங்கும் நேரம்.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள் என்றேன்.
"ஜன்னலா?" என்றார்.

நாற்பத்திரண்டு என் எச்சில்.
ஒப்பீட்டுக்கென்று வைத்தது,
இருபது வருடமாய் ஆய்வகத்திலேயே விடிகிற வாய்.
கோடு அவருடையதை உரசிக்கொண்டே போகிறது.
கட்டுரையில் சேர்க்கவில்லை.

அன்று கிளம்பும்போது
படியில் நின்று சொன்னார்:
"ரிசல்ட் வந்தா
பகல்ல போன் பண்ணிடாதீங்க."