பெயர் மறைத்துக் கேட்க

மாடிப்படிக்குக் கீழே, பெயின்ட் டப்பாக்களுக்கும்
பனியில் இறைக்கிற உப்பு மூட்டைக்கும் நடுவே
ஓரங்கட்டிய கணினி ஒன்றைத் தூசி தட்டி
கேள்வி பதில் மென்பொருளை அதில் நிறுவினாள் எத்தேரி.
திபிலீசியின் வடக்கே நூற்றுப்பத்துக் கட்டடங்கள்;
அவற்றின் லிஃப்டுகள் எல்லாம்
இந்த அலுவலகத்தின் பொறுப்பு.

முதல் நாள் ஜார்ஜிய எழுத்துகள்
கட்டம் கட்டமாக வந்தன, ஆளில்லாத ஜன்னல்கள்போல.
இரண்டாம் நாள் எழுத்துரு சரியாயிற்று.
‘சமர்ப்பிக்கவும்’ என்றிருந்த பொத்தானை
‘கேள்’ என்று மாற்றினாள்.
குறிச்சொற்கள்: கதவு, கயிறு, பிரேக், காசுப்பெட்டி, நாய்.
(நாய் தேவைப்பட்டது. பதினான்காம் கட்டடத்தின்
மோட்டார் அறையில் ஒன்று குட்டி போட்டிருந்தது.)

மூன்று வாரம். வந்தது ஒரே கேள்வி:
என் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தது யார்?
பதில்கள் ஏழு.
ஏழும் பொய்.

நுக்சாரிடம் போய் நின்றாள்.
“மழை பெய்தால் நாலாம் மாடியில் ஏன் நிற்கிறது என்று
எல்லாரும் உங்களுக்குத்தானே போன் போடுகிறார்கள்?
ஒரு தடவை இதில் எழுதிவிடுங்களேன்.”
“போனில் கேட்டால் என் குரல் கேட்கும்,” என்றார் அவர்,
“இதில் என் எழுத்துப்பிழைதான் தெரியும்.”

அன்றிரவு அமைப்புகள் பக்கத்தில்
அடியிலிருந்து இரண்டாவது கட்டத்தைச் சொடுக்கினாள்:
பெயர் மறைத்துக் கேட்கலாம்.

விடிவதற்குள் பதினொன்று.

வரைபடத்தில் இந்த முக்கோணம் எதற்கு?

எட்டாம் மாடிக்கு மேல் குழிக்குள் குனிந்தால்
முழங்கால் நடுங்குகிறது. வேறு யாருக்காவது?

ஜெர்மன் கையேட்டைப் படிப்பதுபோல நடிக்கிறேன்.
எப்படி நிறுத்துவது?

வியாழக்கிழமை, இரவு ஒன்று ஐம்பதுக்கு:
பிரேக் சோதனைத் தாளில் ஒன்பது வருடமாகக் கையெழுத்துப் போடுகிறேன்.
இடைவெளியை எப்படி அளப்பது என்று
யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர்கள் மூன்றே பேர்.
மறைத்த பெயர் ஒரு கண்ணுக்கு மட்டும் தெரியும்,
நிர்வாகியின் பட்டியலில், கடைசிப் பத்தியில்,
வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.
எத்தேரியின் விரல் சுட்டியின்மேல் இருந்தது.
அவள் வீடு முப்பத்தொன்றாம் கட்டடம், பதினோராம் மாடி.
அம்மாவும் பையனும் அதே லிஃப்டில்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
நகர்த்தாமலே அந்தப் பத்தியை அழித்தாள்.
சரியா என்று கேட்க
எந்தப் பெட்டியும் இல்லை.

காலையில் ஷோத்தா படத்தோடு நீளமாக எழுதியிருந்தான்.
அவன் சேர்ந்தே நாலு மாதம்தான்.
கீழே, ஒற்றை விரலால் தட்டிய பதில்:
வெள்ளிக்கிளமை மூனு மணி, 31ம் கட்டடம், மோட்டார் ரூம்.
அளவு தகடு நான் கொன்டு வரேன்.
யாருன்னு கேக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு
கையெழுத்துக்காரர்கள் மூன்று பேருமே வந்திருந்தார்கள்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
தகடு கைமாறிக்கொண்டே இருந்தது.
பிறகு பழைய தாள்களைக் கட்டோடு தூக்கி
வண்டியில் போட்டுக்கொண்டு
ஒன்றாம் கட்டடத்திலிருந்து தொடங்கினார்கள்.

கேள்விக்குப் பக்கத்தில் பச்சைக் குறி விழ
பத்தொன்பது நாள் ஆயிற்று.
அதுவரை எத்தேரி,
காய்கறிப் பையும் பையனின் பனிக்காலணியுமாக,
படியில்தான் ஏறினாள்.
அம்மாவிடம் லிஃப்ட் ரிப்பேர் என்றாள்.