கதவடிப் பாம்புகள்

புந்தா அரேனாஸில் காற்றுக்கு வேலை நேரம் கிடையாது.
எனக்கு உண்டு, எட்டு முதல் ஐந்து.
வீடு வீடாய் எரிவாயு அடுப்பைச் சோதிப்பவன்.
தெருமுனையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு
ஆட்கள் நடக்கும் நவம்பர் அது.

ஏழாவது வீடு, யாஸ்னா ராதிச்.
கதவு திறக்க நேரமாயிற்று.
உள்ளே ஏதோ இழுபடும் ஓசை.
பாம்பை நகர்த்திக்கொண்டிருந்தாளாம்.

துணிப்பாம்பு.
கதவடி இடுக்கில் காற்றுக்குக் குறுக்கே கிடத்துவது.
எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் ஒன்றிருக்கும்,
பழைய கால்சராயின் ஒற்றைக் காலில் மரத்தூள் அடைத்து.
இவள் வீட்டில் நாற்பத்தொன்று.
சன்னலுக்கு மூன்று,
காற்றே புகாத அலமாரிக்கும் ஒன்று.
முதுகில் சிவப்பு நூலில் ஒவ்வொரு வரி:
‘இந்த வயதில் எதற்கு இதெல்லாம்’
‘உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்’
‘அவனும் போய்விட்டானா?’
காலை ஆறு மணி வானொலிக்காரரின் மிரட்டல்
எழுத்தாய் இல்லை, பல்வரிசையாய்த் தைக்கப்பட்டிருந்தது.
அண்ணன் இவோவின் தொலைபேசிக்கு
இரண்டு மீட்டர் பாம்பு, கண்ணுக்குக் கோட்டுப் பொத்தான்.
“ஞாயிறுதோறும் பேசுவான். அதான் இத்தனை நீளம்.”

உள்ளே என்ன அடைத்தீர்கள்?
“அதைக் கேட்ட அன்று உடுத்தியிருந்ததை.”

அழகாக இருந்தன. அதையும் சொல்லிவிட வேண்டும்.
என் கையிலிருந்த கருவிதான்
அழகு பார்க்கத் தெரியாமல் கத்தத் தொடங்கியது.

சமையலறைச் சுவரின் அடியில்
சட்டப்படி இருக்க வேண்டிய காற்றுத் துவாரம்.
அதற்குள் ஒரு குட்டி சுருண்டு கிடந்தது.
அடுப்பின் நீலம் மஞ்சளாகி நாக்கு நீட்டிற்று.
தலைவலி உண்டா?
“உண்டு. பேச்செல்லாம் நின்ற பிறகும்
ஏன் வலிக்கிறதென்றுதான் யோசித்தேன்.”

குனிந்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.
“அந்த ஓட்டை வழியே என்ன வரும், தெரியுமா?”
காற்று, அம்மணி.
“காற்றுவாக்கில்தானே எல்லாமே வருகிறது.”

அதற்கு என் கையேட்டில் விதி இல்லை.
அடுப்பை அணைத்தேன். சிவப்புச் சீட்டு ஒட்டினேன்.
சன்னலைத் திறந்ததும் மேசை மேலிருந்த நூல்கண்டுகள்
தரையெங்கும் ஓடின.
நாற்பத்திரண்டாவது பாம்பு நான்தான் என்று
வண்டியில் போகும்போது நினைத்துக்கொண்டேன்.

என் அப்பா போய் ஒன்பது வருடம்.
‘கை நடுங்குகிறவன் எதற்கு ஆவான்?’
இன்றைக்கும் ஒவ்வொரு திருகாணியோடும்
அதையும் சேர்த்துத்தான் முடுக்குகிறேன்.
நான் எங்கும் எதையும் அடைத்ததில்லை.
மொத்த வீடும் திறந்து கிடக்கிறது.

பத்து நாள் கழித்து மறுசோதனை.
துவாரத்தில் பாம்பு இல்லை.
குதிரைவால் மயிரில் பின்னிய வலை இருந்தது,
பனி படிந்த சிலந்திக்கூடு போல,
நடுவில் மட்டும் கொஞ்சம் கோணல்.
பின்னியவள் விரல்களில் பிளாஸ்திரி.

“கடல் வாசனை வருகிறது” என்றாள்.
“பக்கத்து வீட்டு வறுத்த வெங்காயம்.
இவோவும் வருகிறான். அவன் சொல்வதெல்லாம்
அந்தப் பக்கமே தங்கிவிடுகிறது,
இருமல் மட்டும் நுழைந்து வருகிறது.
அவனுக்கு உடம்புக்கு ஆகவில்லையோ என்று
நேற்றுத்தான் தோன்றியது.
இத்தனை ஞாயிறாய்த் தோன்றவில்லை.”

கருவி பேசவில்லை. நெருப்பு நீலம்.
என்றாலும் கண்ணிகளை அளந்தேன், வேலை அது.
விதிக்கு இரண்டு சதுர சென்டிமீட்டர் குறைவு.

“ஒரு முடிச்சை அறுத்தால் போதுமா?”
போதும்.
கத்திரியை என்னிடமே நீட்டினாள்.

மூன்று வாரம் பின்னியது.
என் கை நடுங்கியது. பார்த்துக்கொண்டிருந்தாள்.
“மெதுவாக” என்றுகூடச் சொல்லவில்லை.

அறுத்தேன்.