ஐம்பத்தொன்பதரை

தரமணி. ஜன்னல் இல்லாத அறை.
ஈயப்பெட்டிக்குள் ஒரு பொட்டு அமெரிசியம்
பெரும்பாலும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறது:
ஐம்பத்தொன்பதரை, ஐம்பத்தொன்பதரை.

திரையில் நாங்கள் கேட்பதோ
நாற்பத்தேழு. முப்பத்தாறு. இருபத்துமூன்று.
நடுநடுவே கொஞ்சம் ஐம்பத்தொன்பதரை,
அதுவும் நுனி மழுங்கி,
இடத்தோள் சரிந்து.

"பொய் சொல்லுது மேடம்" என்கிறான் ஜெபசிங்.

பொய் இல்லை.
படிகத்துக்குள் விழுந்த துகளிடம்
காட்மியம் இருபத்துமூன்றை வாங்கி
வந்த வாசல் வழியாகவே வெளியே எறிந்துவிடுகிறது.
மிச்சம் முப்பத்தாறு.
மிச்சத்துக்குத்தான் ரசீது.
எறிந்தது பக்கத்துப் பிக்சலில் போய் விழுந்தால்
அதற்கும் தனியாக ஒரு ரசீது.

காலையில் வேளச்சேரி ஷேர் ஆட்டோவில்
இரண்டு சீட்டுக்கும் நடுவிலுள்ள கம்பிமேல்
உட்கார்ந்து வந்தேன்.
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து எண்ணினார்.
இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு.
இரண்டு மூன்றிலும் நான் இருந்தேன்.
எஸ்.ஆர்.பி. டூல்ஸில் வண்டியை நிறுத்தி
"ஆறு பேரு, அஞ்சு பேரு காசுதான் இருக்கு,
யாருங்க குடுக்கல?" என்றார்.
யாரும் பேசவில்லை.
என் இடுப்பு இன்னும் வலிக்கிறது.

ஜெபசிங்கிடம் சொன்னேன்:
மாடலில் அந்தக் கம்பியை வை.
எல்லையில் விழுகிற மின்னேற்றம்
எட்டு மைக்ரான் அகலம் என்று வைத்திருந்தோம்.
பன்னிரண்டாக்கினான்.
பள்ளம் நிரம்பியது.
தோள் மட்டும் நிமிரவில்லை.

பத்து மணிக்கு ஒரு சரிவு,
பதினொன்றுக்கு இன்னும் கொஞ்சம்,
சாப்பிட்டு வந்து பார்த்தால் கூன் போட்டிருக்கிறது.
எங்கள் கணக்கில் எல்லாம் இருந்தன,
தடிமன், வோல்ட், இரைச்சல்,
கோடித் துகள்களுக்குப் பகடை உருட்டும் நிரல்.
பகடை களைப்பதில்லை.

மூன்றரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் விளக்குக்கு மட்டும் வந்தது.
ஏசி நின்ற அமைதியில்
ஜெபசிங் கெட்ட வார்த்தை ஒன்றை
பாதியில் விழுங்கினான்.
ஒரு நாள் அளவீடு போச்சு என்று
நான் டிபன் பாக்ஸைக் கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது மின்சாரம் வந்திருந்தது.
மறுபடி ஐந்நூறு வோல்ட்.
மறுபடி அமெரிசியம்.
ஐம்பத்தொன்பதரை
காலையில் பார்த்ததைவிடவும் நேராக
நிமிர்ந்து நின்றது.

இருவரும் ஒன்றும் பேசவில்லை.
காலையிலிருந்து இழுத்துப் பிடித்த அழுத்தத்தில்
உள்ளே எங்கோ சிக்கிச் சிக்கிச்
சேர்ந்துகொண்டிருந்தது மின்னேற்றம்.
விட்டதும் இறங்கிவிட்டது.
படிகத்துக்கும் மணி ஆகும் என்று
எந்த வரிசையிலும் நாங்கள் எழுதியிருக்கவில்லை.

இப்போது அணிக்குள் காலமும் ஒரு மாறி.
ஒரு மணிக்கொருமுறை
நாமே நிறுத்திப் போட வேண்டும், ஒரு நிமிடம்.
"மின்வாரியத்துக்கு நன்றின்னு
கட்டுரையில போடலாமா?" என்கிறான்.
போடலாம்.

நோட்டில் தேதி எழுதினேன்.
அகலம் பன்னிரண்டு. தோள் சரி.
நாற்பத்துநான்கில் சின்னதாய் ஒரு மேடு,
எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை.
தெரியவில்லை என்றே எழுதிவிட்டு
விளக்கை அணைத்தேன்.
பெட்டிக்குள் அது சொல்லிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்குப் பஸ்ஸில் போனேன்.